சனிக் கோளுக்கு ஒரு நாள் எவ்வளவு நேரம்?

சனிக் கோளின் ‘குரல்’ என்று ஓர் ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது. இரவில் தனியாகக் கேட்க வேண்டாம். பேய்ப்படப் பின்னணி இசை தோற்றுவிடும்! கசினி விண்கலம் பதிவு செய்த வானொலி அலைகள் அவை. அப்படியே காதில் விழாது. ஒலியாக மாற்றி, அதிர்வெண்ணை 44இல் ஒரு பங்காகக் குறைத்து, 27 நிமிடப் பதிவை 73 வினாடிகளாகச் சுருக்கியிருக்கிறார்கள். வானொலியில் நாங்கள் தினமும் செய்கிற வெட்டி ஒட்டும் வேலைதான்.

சனியின் துருவ ஒளி தோன்றும் பகுதிகளுக்கு மேலே, காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழன்று பாயும் எலெக்ட்ரான்கள்தான் இந்த அலைகளைக் கிளப்புகின்றன. 100 முதல் 400 கிலோஹெர்ட்ஸ் வரை வலு அதிகம். பழைய ரேடியோவின் மத்திய அலைக்கும் கீழே. பூமியின் மேல் வளிமண்டலம் இவற்றை உள்ளே விடாது. விண்கலம் போனால்தான் கேட்கும்.

1980இல் வாயேஜர் கேட்டது. அலைகளின் வலு 10 மணி நேரம் 39 நிமிடம் 24 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. சனிக்குத் திடமான தரை இல்லை; மேகங்களோ இடத்துக்கு இடம் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. எதை அடையாளம் வைத்துச் சுழற்சியை அளப்பது? ஆழத்தில் பிறக்கும் காந்தப்புலத்தோடுதானே இந்த அலையும் சுழலும் என்று நம்பி, அதையே சனியின் ஒரு நாளாக எழுதி வைத்தார்கள்.

2004இல் கசினி போய்ச் சேர்ந்தபோது அதே துடிப்பு 10 மணி நேரம் 45 நிமிடத்தைத் தாண்டியிருந்தது. அவ்வளவு பெரிய கோள் இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில் ஆறு நிமிடம் மெதுவாகிவிட வழியே இல்லை. பிறகு இன்னொரு குழப்பம்: வடக்கிலிருந்து வரும் துடிப்பு சுமார் 10.6 மணிக்கு ஒருமுறை, தெற்கிலிருந்து 10.8 மணிக்கு ஒருமுறை. ஒரே நிலையத்தில் இரண்டு கடிகாரம்!

வியாழனில் இந்தத் தொல்லை இல்லை. அதன் காந்த அச்சு சுமார் 10 பாகை சாய்ந்திருப்பதால், கோள் சுழலச் சுழல அலையும் கலங்கரை விளக்கம்போல் தவறாமல் வந்து போகும். சனியின் காந்த அச்சோ சுழற்சி அச்சோடு ஒட்டியே நிற்கிறது. அங்கே துடிப்பைத் தீர்மானிப்பதில் மேல் வளிமண்டலத்துக்கும் சுற்றியுள்ள மின்னூட்ட வாயுவுக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். அந்த வாயுவில் பெரும்பகுதி, என்செலடஸ் என்ற சின்ன நிலா பீய்ச்சியடிக்கும் நீராவியிலிருந்து வருவது.

விடை கடைசியில் வளையங்களில் கிடைத்தது. சனியின் உள்ளே எழும் அதிர்வுகள், ஈர்ப்பு விசையால் வளையத் துகள்களை அசைத்து அலைகளை உண்டாக்குகின்றன. கசினியின் தரவுகளில் அந்த அலைகளை ஆராய்ந்து, 2019இல் கிறிஸ்டஃபர் மான்கோவிச் குழுவினர் சொன்ன கணக்கு: 10 மணி நேரம் 33 நிமிடம் 38 வினாடி. அப்போது கசினி இல்லை. 2017 செப்டம்பர் 15ஆம் தேதியே சனிக்குள் பாய்ந்து எரிந்துவிட்டது.