தினமும் மாறும் பாஸ் மார்க்

லண்டனில் ஒரு மருத்துவத் தேர்வு நடந்துவந்தது. அதில் செவ்வாய்க்கிழமை 73 மார்க் வாங்கியவர் பாஸ் ஆகலாம், புதன்கிழமை 74 வாங்கியவர் ஃபெயில் ஆகலாம். நம் ஊரில் இப்படி நடந்தால் வியாழக்கிழமை காலை கல்லூரி வாசலில் தர்ணா தொடங்கியிருக்கும். தேர்வை நடத்தியவர்களோ, பாஸ் மார்க் நாளுக்கு நாள் மாறுவதால்தான் இது நியாயமான தேர்வு என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் சொன்னது சரி. ஆனாலும் 2014இல் அந்தத் தேர்வு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. அது வேறு காரணத்துக்காக.

நமக்குப் பாஸ் மார்க் என்றால் மாறாத எண். பள்ளியில் 35, எம்.பி.பி.எஸ்.ஸில் 50 சதவீதம். இந்த 50ஐ யார் எந்த ஆய்வகத்தில் அளந்து கண்டுபிடித்தார்கள்? யாருமில்லை. 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் இரண்டு தாள் உள்ள பாடங்களுக்கு அதை 40ஆகக் குறைத்தது. சில வாரங்களிலேயே பழையபடி 50க்குத் திரும்பிவிட்டது. அந்தச் சில வாரங்களில் நோயாளிகளின் உடம்பில் எந்த மாற்றமும் நடந்துவிடவில்லை.

மாறாத எண்ணில் ஒரு வெளிப்படையான ஓட்டை இருக்கிறது. இந்த ஆண்டு கேள்வித்தாள் சுலபமாக அமைந்தால் அரைகுறையாகப் படித்தவரும் 50 தாண்டுவார். அடுத்த ஆண்டு கடினமாக அமைந்தால் நன்றாகப் படித்தவரும் 48இல் நிற்பார். எண் ஒன்றுதான், ஆனால் அது அளப்பது வேறு வேறு. இதைச் சரிசெய்ய வழி உண்டா?

உண்டு. தேர்வுத் துறையில் மிகவும் புகழ்பெற்ற அந்த வழி, 1971இல் வெளியான ஒரு கனமான நூலின் அடிக்குறிப்பில் இருக்கிறது. எழுதியவர் வில்லியம் ஆங்காஃப் என்ற அமெரிக்கர். யோசனை தன்னுடையதல்ல, சக ஆய்வாளர் ஒருவருடையது என்று அவரே சொல்லிவிட்டார். இருந்தும் உலகம் அதற்கு ஆங்காஃப் முறை என்று பெயர் வைத்துவிட்டது.

முறை இதுதான். அனுபவமுள்ள டாக்டர்கள் சிலரை ஓர் அறையில் உட்கார வைக்கிறார்கள். மயிரிழையில் தகுதி பெறக்கூடிய ஒரு மாணவரை மனதில் நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவர் கெட்டிக்காரரும் இல்லை, மோசமும் இல்லை. நோயாளியை அவரிடம் ஒப்படைக்கலாம், ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு. இவரை ‘விளிம்புத் தேர்வர்’ என்று வைத்துக்கொள்வோம். பிறகு தாளின் ஒவ்வொரு கேள்வியையும் காட்டிக் கேட்பார்கள்: இப்படிப்பட்ட நூறு பேரிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்தால் எத்தனை பேர் சரியாக விடை எழுதுவார்கள்?

ஐம்பத்தைந்து வயதுக்காரர், நெஞ்சுவலி, வியர்த்துக் கொட்டுகிறது, முதலில் எந்தப் பரிசோதனை என்பது கேள்வியாக இருக்கட்டும். இ.சி.ஜி. தெரியாதவரை வார்டுக்குள்ளேயே விடக்கூடாது என்று ஒருவர் 95 போடுவார். பதற்றத்தில் சிலர் தவறவிடுவார்கள் என்று இன்னொருவர் 88 போடுவார். அடுத்த கேள்வி, லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயைப் பற்றியது. அதற்கு 40, 35 என்று விழும். ஒவ்வொரு கேள்விக்கும் சராசரி எடுத்து, எல்லாவற்றையும் கூட்டி நூறால் வகுத்தால் அந்தத் தாளின் பாஸ் மார்க் வந்துவிடும். தாள் கடினமானால் எண் தானாக இறங்கும், சுலபமானால் ஏறும். பிரிட்டனில் வேலை பார்க்க விரும்பி சென்னையிலும் கொழும்பிலும் ‘பிளாப்’ தேர்வின் முதல் பகுதியை எழுதும் நம் டாக்டர்களுக்கு இப்படித்தான் பாஸ் மார்க் போடுகிறார்கள். அதில் 180 கேள்விகள், மூன்று மணி நேரம். எத்தனை சரியாக எழுதினால் பாஸ் என்பது தாளுக்குத் தாள் மாறும்.

எழுத்துத் தேர்வுக்கு இது போதும். ஆனால் டாக்டரின் தொழில் எழுதுவதல்லவே. நோயாளியிடம் பேசுவதையும் தொட்டுப் பார்ப்பதையும் எப்படி மதிப்பிடுவது? அமெரிக்காவின் மிசோரி பல்கலைக்கழகத்தில் 1970களின் தொடக்கத்தில் படித்த ஒரு மாணவி, ஏட்டுப் படிப்பில் கெட்டிக்காரர். வார்டில்தான் சிக்கல் என்றார்கள் ஆசிரியர்கள். அவருக்கு ஒரு கடைசி வாய்ப்பாக, தொழிலில் இருந்த டாக்டர்கள் ஏழு பேரிடம் தனித்தனியே அனுப்பி மதிப்பிடச் சொன்னார்கள். இருவர், இவர் குறித்த நேரத்தில் பட்டம் பெறலாம் என்றார்கள். இருவர், உடனே நீக்கிவிடுங்கள் என்றார்கள். மற்ற மூவர், இப்போது பட்டம் வேண்டாம், கண்காணிப்பில் தொடரட்டும் என்றார்கள். ஒரே மாணவி, ஏழு டாக்டர்கள், மூன்று தீர்ப்புகள்! வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. படிப்பு சார்ந்த மதிப்பீட்டுக்கு நீதிமன்ற பாணி விசாரணை தேவையில்லை என்று 1978இல் தீர்ப்பு வந்தது. மாணவி தோற்றார். ஆனால் ஏழு பேர் மூன்று விதமாகச் சொன்னதற்கு அந்தத் தீர்ப்பில் மருந்து இல்லை.

மருந்து ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்து வந்தது. ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் 1975இல் ஒரு புதிய ஏற்பாட்டை வெளியிட்டார்கள். ஒரு பரீட்சகர் ஒரு மாணவரை ஒரு நோயாளியோடு நீண்ட நேரம் பார்ப்பதற்குப் பதில், பல சிறு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, ஒரு பரீட்சகர், சில நிமிடம். மணி அடித்ததும் அடுத்த நிலையம். ஒரு பரீட்சகர் கடுகடுப்பானவராக இருந்தாலும் மற்றவர்கள் சமன்செய்துவிடுவார்கள். இன்று நம் மருத்துவக் கல்லூரிகளில் ‘ஆஸ்கி’ என்று சொல்லப்படுவது இதுதான்.

லண்டன் தேர்வு இதன் பேரப்பிள்ளை. பிரிட்டனில் குடும்ப டாக்டராக வேண்டுமென்றால் ராயல் காலேஜ் ஆஃப் ஜெனரல் பிராக்டிஷனர்ஸ் நடத்திய அந்தத் திறன் தேர்வில் தேற வேண்டியிருந்தது. இங்கே டாக்டர் தன் அறையிலேயே உட்கார்ந்திருப்பார். பதின்மூன்று ‘நோயாளிகள்’ ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். எல்லோரும் பயிற்சி பெற்ற நடிகர்கள். ஆளுக்குப் பத்து நிமிடம். மொத்தம் இரண்டு மணி பத்து நிமிடத்தில், ஒரு குடும்ப டாக்டரின் ஒரு காலை நேரம் அப்படியே நடித்துக் காட்டப்படும். நடிகரோடு ஒரு பரீட்சகரும் கூடவே வந்து, ஓரமாக உட்கார்ந்து மார்க் போடுவார். விவரம் கேட்டறிதல், சிகிச்சை முடிவு, நோயாளியோடு பழகும் விதம் ஆகிய மூன்றுக்கும் தலா மூன்று மார்க். ஒரு நோயாளிக்கு 9, மொத்தம் 117.

இனி அந்த மாறும் பாஸ் மார்க். மார்க் போட்ட கையோடு பரீட்சகர் இன்னொன்றையும் தனியாகக் குறிப்பார். மொத்தத்தில் இவர் பாஸா, ஃபெயிலா, அல்லது விளிம்பா? அன்றைய தினம் அந்த நோயாளியைப் பார்த்தவர்களில் ‘விளிம்பு’ என்று குறிக்கப்பட்டவர்களின் மார்க்கை மட்டும் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். அது 5.6 என்று வந்தால், அந்த நோயாளிக்கான கோடு 5.6. பதின்மூன்று கோடுகளையும் கூட்டினால் அன்றைய பாஸ் மார்க்கின் அடிப்படை கிடைக்கும். எல்லாக் கோடுகளும் 5.6 என்றால் ஏறக்குறைய 73. மறுநாள் வேறு நோயாளிகள், வேறு கோடுகள். ஆங்காஃப் கற்பனையில் தேடிய விளிம்புத் தேர்வரை இவர்கள் கண்ணெதிரே பிடித்துவிட்டார்கள்! எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த தந்திரம் இதுதான். எவருமே எண்ணைத் தீர்மானிப்பதில்லை, ஆனால் எண் பிறந்துவிடுகிறது.

இதோடும் விடவில்லை. வீட்டு எடைப்பொறியில் ஏறி இறங்கி மறுபடி ஏறினால் முள் அரை கிலோ தள்ளி நிற்பதுண்டு. தேர்வும் அப்படித்தான், ஒரே ஆளை மறுபடி சோதித்தால் ஓரிரு மார்க் தள்ளிப்போகும். இந்தத் தடுமாற்றத்தின் அளவைக் கணக்கிட்டு, பாஸ் மார்க்கைக் கொஞ்சம் உயர்த்துவார்கள். தகுதியில்லாதவர் அதிர்ஷ்டத்தால் உள்ளே நுழைந்துவிடக் கூடாது, நோயாளி பாவம் என்பது அவர்கள் வாதம். அதிர்ஷ்டமில்லாத தகுதியானவர் வெளியே நிற்பாரே என்று கேட்டால் பதில், மறுபடி எழுதலாம். ஆனால் நான்கு முறைதான். நான்காவதிலும் தவறினால் பயிற்சியிலிருந்தே வெளியேற வேண்டியதுதான்.

இவ்வளவு நுணுக்கமான இயந்திரத்தின் மீது யார் வழக்குப் போட்டார்கள்? பிரிட்டனில் உள்ள இந்திய வம்சாவளி டாக்டர்களின் சங்கமான பாப்பியோ. மான்செஸ்டர் பேராசிரியர் அனீஸ் எஸ்மாயிலும் கிறிஸ் ராபர்ட்ஸும் 2010 முதல் 2012 வரையான 5,095 தேர்வர்களின் முடிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டிருந்தார்கள். வயது, பாலினம், எழுத்துத் தேர்வு மார்க் எல்லாவற்றையும் சமன்செய்த பிறகும், முதல் முயற்சியில் தோற்பதில் பெரிய வித்தியாசம் இருந்தது. வெள்ளையரான பிரிட்டிஷ் பட்டதாரிகளோடு ஒப்பிட்டால், பிரிட்டனிலேயே படித்த சிறுபான்மை இன டாக்டர்களுக்கு ‘வாய்ப்பு விகிதம்’ 3.5. வெளிநாட்டில் படித்து வந்த சிறுபான்மை இன டாக்டர்களுக்கு 14.7.

பத்திரிகைகள் உடனே ‘பதினான்கு மடங்கு’ என்று எழுதின. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். வாய்ப்பு விகிதம் என்பது ஒரு பிரிவில் தோற்றவர்களை வென்றவர்களால் வகுத்து, அதை மற்றப் பிரிவின் அதே கணக்கால் மறுபடி வகுத்து வருவது. புரிதலுக்காக, ஒரு பிரிவில் நூற்றுக்கு 5 பேர் தோற்கிறார்கள் என்று வையுங்கள். 14 மடங்கு என்றால் இன்னொரு பிரிவில் 70 பேர் தோற்க வேண்டும். வாய்ப்பு விகிதம் 14.7 என்றாலோ தோற்பவர்கள் 44 பேர்தான். 3.5 என்றால் சுமார் 16 பேர். தலைப்புச் செய்தி பாதிக்கு மேல் உப்பிவிட்டது. ஆனால் 5க்கும் 44க்கும் உள்ள தூரம் யாரும் சும்மா விடக்கூடிய தூரமல்ல.

பரீட்சகர்கள்தான் காரணமா? 4,000 தேர்வர்களின் 52,000 சந்திப்புகளை அலசிய இன்னோர் ஆய்வு, பரீட்சகர்கள் பொதுவாகத் தம் இனத்தாருக்கோ தம் பாலினத்தாருக்கோ சாதகம் காட்டவில்லை என்றது. அப்படியானால் காரணம் நடிகர்களா, பேச்சு வழக்கா, பயிற்சியின் தரமா? தகராறு இங்கேதான்.

2014 ஏப்ரலில் நீதிபதி மிட்டிங் தீர்ப்பளித்தார். பிரிட்டிஷ் சட்டத்தில் ‘மறைமுகப் பாகுபாடு’ என்று ஒன்று உண்டு. எல்லோருக்கும் ஒரே விதிதான், ஆனால் அது ஒரு பிரிவினரை மட்டும் அதிகம் பாதிக்கிறது என்றால், அந்த விதி நியாயமான நோக்கத்துக்குப் பொருத்தமான வழிதானா என்று கேட்கலாம். நோயாளிகளின் பாதுகாப்பு நியாயமான நோக்கம், இந்தத் தேர்வு அதற்குப் பொருத்தமான வழி என்றார் நீதிபதி. சங்கம் தோற்றது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. வழக்கு நல்லெண்ணத்தோடும் பொதுநலனுக்காகவும் கொண்டுவரப்பட்டது, சட்டப்படி வெற்றி இல்லையென்றாலும் சங்கத்துக்கு இது தார்மீக வெற்றி என்றார். அந்தத் தேர்வு இன்று இல்லை. கோவிட் காலத்தில் நின்றுபோய், 2023 நவம்பரில் புதிய வடிவில் வந்தது. டாக்டர் தன் கிளினிக்கிலேயே இருந்து, வீடியோவிலும் தொலைபேசியிலும் பன்னிரண்டு நோயாளிகளைப் பார்க்கிறார். பதிவைப் பின்னர் வெவ்வேறு பரீட்சகர்கள் பார்த்து மார்க் போடுகிறார்கள்.

நீதிமன்றங்கள் பொதுவாக எண்ணைத் தொடத் தயங்குகின்றன. 1981இல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், 345 வேண்டிய தேர்வில் 235 எடுத்தார். தேறாத மற்றவர்களுக்கெல்லாம் கிடைத்த மறுவாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகப் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. கல்வி உலகம் ஏற்ற நெறியிலிருந்து அப்பட்டமாக விலகினால்தான் நாங்கள் குறுக்கிடுவோம் என்றது.

நம் நீதிமன்றங்களுக்குக் கொஞ்சம் துணிச்சல் அதிகம். 1983இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில், மருத்துவ நுழைவுத் தேர்வின் விடைக்குறிப்பே தவறு என்று மாணவர்கள் பாடப்புத்தகத்தோடு வந்து நின்றார்கள். விடைக்குறிப்பு சரி என்றே கொள்ள வேண்டும், ஆனால் தவறு என்று ஐயமின்றி நிரூபித்தால் மாணவருக்கே மார்க் என்றது உச்ச நீதிமன்றம். 2018 நீட் தேர்வின் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று அப்போதைய மாநிலங்களவை உறுப்பினர் டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழில் எழுதிய எல்லோருக்கும் 196 மார்க் வழங்கச் சொன்னது. 180 கேள்விகளில் 49 என்றால் தாளில் கால் பங்குக்கும் மேல். உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. பிழையான கேள்விக்கு ஈடு என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. என்னைக் கேட்டால், எல்லோருக்கும் 196 என்பது தவறான மருந்துதான். ஆனால் நோய் கற்பனையல்ல.

பட்டமேற்படிப்பு நீட்டில் நடப்பது இன்னும் விசித்திரம். அங்கே தகுதிக் கோடு மார்க்கில் இல்லை, பெர்சென்டைலில் இருக்கிறது. நமக்குப் பின்னால் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் பெர்சென்டைல். அது அறிவை அளப்பதில்லை, வரிசையில் நம் இடத்தைச் சொல்கிறது. 2023இல் காலியிடங்களை நிரப்புவதற்காகக் கோட்டைப் பூஜ்ஜிய பெர்சென்டைலுக்கு இறக்கினார்கள். 800க்கு மைனஸ் 40 எடுத்தவரும் தகுதி பெற்றார். அது பாஸ் மார்க் அல்ல, வருகைப் பதிவேடு.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வருபவர்கள் இங்கே எழுதும் தகுதித் தேர்வில் 300 கேள்விகள், பாஸ் மார்க் 150. தாள் சுலபமா கடினமா என்று யாரும் பார்ப்பதில்லை. இப்படி ஒரு தேர்வு நடத்துவது செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் வரை போய், செல்லும் என்று தீர்ப்பும் வாங்கியாகிவிட்டது. ஏன் 150 என்பதற்கு ஆங்காஃப் போல ஒரு கணக்கைக் காட்டச் சொல்லி யாராவது ஒரு மனு போட்டால் நன்றாக இருக்கும்.