தோசைக்கல்லில் தொடங்கி மண் ஃபிரிட்ஜ் வரை

‘காலையில் பறித்த கீரையும் கத்திரியும் மறுநாள் சந்தை வரை வாடாமல் இருக்க, கரண்ட் இல்லாமல் வழி உண்டா?’ என்று கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து வாசகி ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. அதையே குடும்பத் தொழிலாக்கியவர் ஒருவர் குஜராத்தில் இருக்கிறார்.

மன்சுக்பாய் பிரஜாபதி, பரம்பரையாக மண்பாண்டம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். 1979 ஆகஸ்ட்டில் மச்சு அணை உடைந்து வீடு வாசல் போக, குடும்பம் வாங்கானேருக்குக் குடிபெயர்ந்தது. பத்தாம் வகுப்பில் தோற்ற மன்சுக்பாய் டீ விற்றார். பிறகு ஓட்டுத் தொழிற்சாலையில் வேலை. ஓடு அச்சடிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, இதிலேயே ரொட்டி சுடும் மண் கல்லையும் அடிக்கலாமே என்று தோன்றியது. 1988-ல் 30,000 ரூபாய் கடன் வாங்கித் தொழிலில் இறங்கினார். கையால் நாளுக்கு நூறு கல் செய்த இடத்தில், அச்சில் அறுநூறு, எழுநூறு வந்தது. பரம்பரைத் தொழிலே சோறு போடாது என்று எல்லோரும் விலகிய காலம் அது.

2001 ஜனவரி 26 பூகம்பத்துக்குப் பிறகு, உடைந்த மண்பானையின் படத்தை ‘ஏழைகளின் ஃபிரிட்ஜ்’ என்று குறிப்பிட்டு ஒரு செய்தித்தாள் வெளியிட்டது. நிஜமாகவே மண்ணில் ஃபிரிட்ஜ் செய்தால் என்ன என்று அவர் யோசித்தது அப்போதுதான். மண் கலவையை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்து, 2005-ல் ‘மிட்டிகூல்’ பெட்டியைக் கொண்டுவந்தார். தேசியப் புத்தாக்க நிறுவனமும் கைகொடுத்தது.

மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே காய்கறி அறை. தண்ணீர் சுவரில் கசிந்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போகும். கிட்டத்தட்ட 58 லிட்டர் தண்ணீரை 10 டிகிரி குளிர வைக்க அது போதும். நம் வீட்டுப் பானை வியர்ப்பதும் இதே கணக்குதான்.

ஆனால் காற்று காய்ந்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நன்றாகக் குளிரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கோழி, ஆடு, மாட்டுத் தடுப்பூசி மருந்தை இதில் வைக்கவே கூடாது; அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும்.

குஜராத்திலிருந்து பெட்டி வரவழைக்க வேண்டியதில்லை. புதுடெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன முறை இருக்கிறது. நிழலில், காற்றோட்டமான இடத்தில் செங்கல் தளம் போட்டு, 7.5 செ.மீ. இடைவெளி விட்டு இரட்டைச் சுவர் எழுப்புங்கள். இடைவெளியில் மணலை நிரப்பி, காலையும் மாலையும் நனையுங்கள். மேலே ஈரச் சாக்கு. சிறிய அளவு போதுமென்றால் பெரிய பானைக்குள் சின்னப் பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டாலே ஆகும்.

பானைக்கு எங்கே போவது? கல்லிடைக்குறிச்சியிலிருந்து கிழக்கே வீரவநல்லூரைத் தாண்டினால் காருகுறிச்சி. தலைமுறைகளாகச் சக்கரம் சுற்றும் ஊர். தண்ணீர் கசியும்படி சுட்டுத் தரச் சொல்லுங்கள்; மெருகு பூசியது வேண்டாம். அவர்களுக்கும் குளத்து மண் கிடைத்தால்தான் சூளை எரியும். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி மண் எடுக்கலாம் என்று தமிழக அரசு 2024-ல் நடைமுறையை எளிதாக்கியது. உங்கள் வயலுக்கு வண்டல் எடுக்க மனு கொடுக்கும்போதே அவர்களையும் கூட்டிச் செல்லுங்கள். பிசானத்துக்குக் குளம் பெருகிவிட்டால் மண்வெட்டி இறங்காது.