உறைவிட உளநல நுட்பர் (ஐக்கிய அமெரிக்கா)

உறைவிட உளநல நுட்பர் என்பவர் ஐக்கிய அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் உளநல மறுவாழ்வு இல்லங்களில் இரவும் பகலும் அவர்களுடன் இருந்து பாதுகாப்பைக் கவனிக்கும் பணியாளர் ஆவார். முன்னாள் படைவீரர் நலத்துறையில் இப்பதவி ‘ஹெல்த் டெக்னீஷியன்’ என்று வழங்கப்படுகிறது. நடுவண் அரசின் பணி வகைப்பாட்டில் இது 640 என்னும் எண் கொண்ட தொடரில் அடங்கும். கண் மருத்துவப் பிரிவில் கருவிகளைக் கையாளும் நுட்பர்களும் இதே தொடரில் வருவதால், பதவியின் பெயரைக் கொண்டு பணியின் தன்மையை அறிய இயலாது. உளநல இல்லத்து நுட்பரின் கையில் பெரும்பாலான நேரம் இருப்பவை ஒரு கைவிளக்கு, ஒரு சாவிக்கொத்து, தங்கியிருப்போரின் பெயர்ப்பட்டியல் ஆகியவையே.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உள்ளது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரின் வழக்கமான வேலைநேரம் அதில் 40 மணி அளவே. எஞ்சிய இரவுகளிலும் வார இறுதிகளிலும் இல்லம் பெரும்பாலும் நுட்பர்களின் பொறுப்பிலும், செவிலியர் பணியமர்த்தப்பட்ட இடங்களில் அவர்களின் பொறுப்பிலும் இருக்கிறது. தீக்கனவு, குடிக்கும் ஆசை, தற்கொலை எண்ணம் போன்றவை அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை என்பதால், இப்பணியின் முக்கியத்துவம் அதன் ஊதியப் படிநிலையைவிட மிகப் பெரியது எனலாம்.

வரலாறு

இவ்வில்லங்களின் வேர் அமெரிக்க உள்நாட்டுப் போரின் காலத்தில் உள்ளது. 1865 மார்ச் 3 அன்று ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தின்படி, ஊனமுற்ற தன்னார்வப் படைவீரர்களுக்கான தேசிய இல்லம் என்னும் அமைப்பு தோன்றியது. அதன் முதல் இல்லம் 1866 இல் மேய்ன் மாநிலத்தின் டோகஸ் என்னும் இடத்தில் திறக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் நீலச் சீருடை அணிந்து, படைமுகாமைப் போன்ற ஒழுங்கில் வாழ்ந்தனர். 1930 இல் இவ்வில்லங்கள் புதிதாக உருவான முன்னாள் படைவீரர் நிர்வாகத்தின் கீழ் வந்தன. ‘டொமிசிலியரி’ என்னும் பழைய பெயர் பல இல்லங்களில் இன்றும் நிலைத்திருக்கிறது.

மனவடு நோய் 1980 இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் இடம்பெற்றது. வீடற்ற முன்னாள் படைவீரர்களுக்கான தங்குமிடச் சிகிச்சை 1987 இல் தொடங்கியது. போதைப் பழக்கம், மனவடு நோய், வீடின்மை ஆகியவற்றுக்கான தனித்தனித் திட்டங்கள் பிற்காலத்தில் உளநல உறைவிட மறுவாழ்வுச் சிகிச்சை என்னும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. இன்று நாடு முழுவதும் இவ்வகையில் 200 க்கும் மேற்பட்ட திட்டங்கள் உள்ளன.

பூட்டப்படாத கதவு

இவ்வில்லம் மருத்துவமனையின் பூட்டிய மனநலப் பிரிவு அன்று. தங்கியிருப்பவர் தம் விருப்பத்தின் பேரில் வந்தவர், விரும்பினால் வெளியேறலாம். தம் துணிகளைத் தாமே துவைப்பார், அறையைத் தாமே ஒழுங்குபடுத்துவார், தம் மருந்துகளைத் தாமே உட்கொள்வார். உடனடி உயிராபத்தில் உள்ளவர் இங்கே சேர்க்கப்படுவதில்லை. தங்கியிருக்கும்போது அந்நிலையை அடைந்தால் மருத்துவமனைப் பிரிவுக்கு மாற்றப்படுவார். தங்கும் காலம் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை வேறுபடும்.

நுட்பரின் பணியிலுள்ள அடிப்படை இடர்ப்பாடு இங்கிருந்தே பிறக்கிறது. தன் வாழ்வைத் தானே நடத்தக்கூடிய வளர்ந்த மனிதர் என்று இல்லம் ஒருவரிடம் சொல்கிறது. அதே இல்லம் அவருடைய பையைக் கிளறிப் பார்க்கவும் செய்கிறது. சேரும் நாளில் உடைமைகள் அனைத்தும் அவர் முன்னிலையில் சோதிக்கப்படுகின்றன. கத்தி, போதைப்பொருள், மது கலந்த வாய்க்கழுவி முதலியன அனுமதிக்கப்படுவதில்லை. கொண்டுவந்த மாத்திரைகள் சரிபார்க்கப்பட்டு, பூட்டிய பெட்டியில் வைக்கப்படுகின்றன. தொடக்கத்தில் கண்காணிப்புடன் மருந்து எடுப்பவர், நம்பிக்கை வளர வளரச் சாவியைத் தாமே வைத்துக்கொள்ளும் நிலைக்கு உயர்கிறார்.

இச்சோதனையை எவ்வாறு செய்வது என்பதில் ஏட்டில் எழுதாத திறன் ஒன்று உண்டு. பொருள்களை மேசையில் கொட்டாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதும், குடும்பப் படங்களைக் கவிழ்த்துப் போடாமல் நிமிர்த்தி வைப்பதும் சிறு செயல்கள்தாம். ஆயினும் முதல் மணி நேரத்தில் சிறைக்கைதியைப் போல் நடத்தப்பட்டதாக உணர்பவர், பின்னொரு இரவில் தனக்கு உதவி தேவை என்று அதே நுட்பரிடம் வந்து சொல்வது அரிது.

சிறுநீர்ச் சோதனையும் அதன் எல்லையும்

வெளியே சென்று திரும்புவோரிடம் மூச்சில் மதுவை அளக்கும் கருவியும், குறித்த நாட்களிலும் முன்னறிவிப்பின்றியும் சிறுநீர்ச் சோதனையும் பயன்படுத்தப்படுகின்றன. மாதிரி மாற்றப்பட்டதா என்பதை அறிய அதன் வெப்பநிலை நான்கு நிமிடங்களுக்குள் அளக்கப்படும். அது 32 முதல் 38 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும்.

அபினி வகைகளுக்கான வழக்கமான விரைவுச் சோதனை மார்ஃபினையும் அதனை ஒத்தவற்றையுமே கண்டுபிடிக்கும். செயற்கையாகத் தயாரிக்கப்படும் ஃபென்டனில் அதில் தென்படாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். எனவே ‘இல்லை’ என்று காட்டும் முடிவைக் கொண்டு மட்டும் ஒருவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று கொள்ள இயலாது. இதற்கு நேர்மாறாக, புப்ரெனார்ஃபின் சிகிச்சையில் உள்ளவரின் சோதனையில் அம்மருந்து காணப்படாவிட்டால், அதுவே கவலைக்குரிய செய்தியாகும்.

மாதிரி கொடுப்பதை ஒருவர் நின்று பார்ப்பது வேறொரு சிக்கலை உண்டாக்குகிறது. படைப்பணியின்போது பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களும் ஆண்களும் இவ்வில்லங்களுக்கு வருகின்றனர். அவர்களுள் பெண்களுக்கான ஆலோசனைச் சேவைக்கு 1992 ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. அத்தகையோருக்கு, பார்வையிடப்படும் சிறுநீர்ச் சோதனை பழைய காயத்தைக் கீறுவதாக அமையலாம். அதே பாலினத்துப் பணியாளரை அமர்த்துவதும், இயன்ற இடத்தில் உமிழ்நீர்ச் சோதனையை நாடுவதும் உகந்த வழிகள்.

இரவுச் சுற்று

இரவில் குறித்த இடைவெளிகளில் நுட்பர் அறை அறையாகச் சென்று ஒவ்வொருவரும் இருப்பதையும் மூச்சு விடுவதையும் உறுதி செய்கிறார். போர்வைக்குள் ஓர் உருவம் தெரிகிறது என்பது போதாது. மார்பின் அசைவைக் காண வேண்டும். ஆனால் விளக்கொளியை முகத்தில் அடிக்கலாகாது. தரையிலோ கூரையிலோ ஒளியைப் பாய்ச்சினால் அதன் சிதறலிலேயே தேவையான அளவு தெரியும்.

போர்க்கள நினைவுகளுடன் உறங்குபவரைத் தொட்டு எழுப்புவது தவறு. திடுக்கிட்டு விழிப்பவர், தாம் இருக்கும் இடம் புலப்படுவதற்கு முன்பே தாக்க நேரிடலாம். பின்னர் அதற்காக மிகவும் வருந்தவும் செய்வார். கதவருகில் அல்லது கால்மாட்டில் நின்று பெயர் சொல்லி அழைப்பதே முறை. விழித்தபின் தம் பெயரையும், இடத்தையும், நேரத்தையும் நுட்பர் நிதானமாகச் சொல்கிறார். பெண்களின் அறைகளில் உள்ளிருந்து பூட்டும் வசதி இருப்பதால், தட்டி, யார் என்று அறிவித்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும். சூலை 4 விடுதலை நாளின் வாணவெடிகளால் அவ்விரவு கடினமானதாகும் என்பதைப் பழகிய நுட்பர்கள் அறிவர்.

உறக்கம் வராமல் இரண்டு மணிக்குக் கூடத்திற்கு வந்து அமர்பவருடன் பேசுவதும் பணியே. நுட்பர் உளச்சிகிச்சையாளர் அல்லர்; போர்க்கள நிகழ்வுகளைத் துருவிக் கேட்பது அவர் வேலையன்று. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்பதை மட்டும் சுற்றி வளைக்காமல் நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அவ்வெண்ணம் விதைக்கப்படும் என்னும் பரவலான அச்சத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், பணிநேர மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். வெளியே சென்றிருக்கும் வேளைகளுக்காக முன்னாள் படைவீரர் நெருக்கடித் தொலைபேசிச் சேவையும் உள்ளது. 2007 இல் தொடங்கிய அச்சேவையை 2022 சூலை முதல் 988 என்னும் எண்ணை அழைத்து 1 ஐ அழுத்தியும் அடையலாம்.

விடுப்பும் மிகையளவும்

பல வாரங்கள் போதைப்பொருள் இன்றி இருந்தவரின் உடல் அதனைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. முன்பு வழக்கமாக எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்தக்கூடும். எனவே சிகிச்சையில் நன்கு முன்னேறி முதன்முறையாக வார இறுதி விடுப்பில் சென்று திரும்புபவரே கூடுதல் ஆபத்தில் உள்ளார். திரும்பி வந்ததும் அவர் பேசும் விதம், நடை, கண்மணியின் அளவு ஆகியவற்றைக் கவனித்து, அன்றிரவு அவர் அறைக்குக் கூடுதலாகச் சென்று பார்ப்பது தேவையாகிறது. மூக்கில் பீய்ச்சும் நாலொக்சோன் மருந்து எளிதில் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதன் விளைவு 30 முதல் 90 நிமிடங்களே நீடிக்கும். எழுந்து அமர்ந்து நலமாக இருப்பதாகச் சொன்னாலும், அவசர மருத்துவ உதவி வரும்வரை அவரை விட்டு அகலக்கூடாது.

இக்கண்காணிப்பு தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு மயாமி நகரின் போதைச் சிகிச்சை இல்லம் குறித்து நலத்துறையின் தலைமைக் கண்காணிப்பு அலுவலகம் 2014 இல் வெளியிட்ட அறிக்கை சான்றாகும். அங்கு தங்கியிருந்த ஒருவர் தம் அறையிலேயே இறந்து கிடந்தார். உடற்கூற்றாய்வு கொக்கெயின், ஹெரோயின் நச்சைக் காட்டியது. கண்காணிப்புப் படக்கருவி இயங்கவில்லை என்பதும், பணியாளர்கள் வாயிலும் நடைவழியும் சரிவரத் தெரியாத பின்னறையில் அமர்ந்திருந்தனர் என்பதும் அவ்வறிக்கையில் பதிவாகியுள்ளன. இருக்கையை எங்கே போடுவது என்பதுகூட உயிர் பற்றிய முடிவாகிவிடுகிறது.

பதிவேடு

நுட்பர் கண்டவை ஒவ்வொரு பணிமுறை முடிவிலும் வாய்மொழியாகவும் கணினி வழியாகவும் அடுத்தவருக்கு ஒப்படைக்கப்படுகின்றன. துறையின் நீண்டகால மென்பொருளான விஸ்டா, 1960 களில் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் உருவான மம்ப்ஸ் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. நிரலாளர் பலர் அருங்காட்சியகப் பொருளாகக் கருதும் இம்மொழி, மருத்துவர்கள் விரும்பிப் பயன்படுத்திய பதிவேட்டு முறை ஒன்றைத் தாங்கி நின்றது குறிப்பிடத்தக்கது. 2020 அக்டோபரில் ஸ்போகேன் நகரில் தொடங்கிச் சில மருத்துவமனைகள் வேறு மென்பொருளுக்கு மாறியுள்ளன.

மென்பொருள் எதுவாயினும் குறிப்பின் தரம் எழுதுபவரைப் பொறுத்தது. ‘கோபமாக இருந்தார்’ என்பது கருத்து. ‘இரவுணவு உண்ணவில்லை, தன் கைக்கடிகாரத்தை அறைத்தோழருக்குக் கொடுத்துவிட்டார்’ என்பது செய்தி. உடைமைகளைப் பிறருக்கு வழங்குவது தற்கொலை எண்ணத்தின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், பின்னதைப் படிக்கும் மருத்துவர் அன்று காலையிலேயே அவரை அழைத்துப் பேசுவார்.

பணியில் சேர்வோர்

இப்பணிக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. உயிர்காப்பு முதலுதவி, சினமுற்றவரைப் பேசித் தணித்தல், தொற்றுத் தடுப்பு முதலியவற்றில் பயிற்சி அளிக்கப்படுகிறது. 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடுவண் அரசுப் பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை உண்டு. படையில் மருத்துவ உதவியாளராக இருந்தவர்கள் இப்பணிக்கு வருவது இயல்பானது. அவர்களுக்குப் படைப்பிரிவின் பேச்சுவழக்கு விளங்கும்; உணவுக்கூடத்தில் ஒருவர் ஏன் சுவரை ஒட்டிய இருக்கையை மட்டுமே தேடுகிறார் என்பதும் விளங்கும். எனினும் பிறர் கதைகள் தம் நினைவுகளைக் கிளறும் இடர் அவர்களுக்கே கூடுதல். ஓர் இறப்புக்குப் பின் நடைபெறும் விசாரணையில் கடைசிச் சுற்று எத்தனை மணிக்கு என்ற கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர் நுட்பரே. அதற்கடுத்த இரவில் அதே அறைவரிசையில் சுற்று வர வேண்டியவரும் பெரும்பாலும் அவரேயாவார்.