உஷார்! பின்னால் வருவது ஒரு வீடு

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, மெமோரியல் டே. அமெரிக்காவில் அன்றைக்குத் தொடங்கும் கேம்பிங் சீசன் செப்டம்பர் முதல் திங்களான லேபர் டே வரை ஓயாது. நியூஜெர்சி, டெக்சாஸ், கலிஃபோர்னியா என்று அங்கே குடியிருக்கும் நம்மவர்களும் இப்போது ட்ராவல் ட்ரெய்லர் வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ள குட்டி வீடு. வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினால் ஹோட்டல் செலவு மிச்சம், சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களையும் சௌகரியமாகக் கூட்டிப் போகலாம்.

எல்லாம் சரி. ஆனால் கவனம் தப்பினால் இந்த வீடு ஆளைக் கொல்லும். பெரும்பாலான மாநிலங்களில் இப்படிப்பட்ட ட்ரெய்லரை இழுக்கச் சாதாரணக் கார் லைசென்ஸே போதும். தனிப் பரீட்சை கிடையாது, ஒரு மணி நேரப் பயிற்சிகூடக் கட்டாயம் கிடையாது. காலையில் டீலரிடம் கையெழுத்து, மதியம் ஹைவே. இதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏனென்றால் இதில் உள்ள ஆபத்துகளில் முக்கால்வாசி கண்ணுக்கே தெரியாதவை.

முதல் ஆபத்து, எடை. "உங்கள் ட்ரக் 9,000 பவுண்டு இழுக்கும், இந்த ட்ரெய்லர் 5,500தான், தாராளமாகப் போகலாம்" என்பார் விற்பவர். இரண்டு எண்ணும் பொய்யல்ல. ஆனால் அவற்றை நம்பி யாரும் கிளம்பக் கூடாது. 5,500 என்பது வெறும் ட்ரெய்லரின் எடை. அதில் தண்ணீர் இல்லை, பாத்திரம் இல்லை, அரிசி மூட்டை இல்லை, படுக்கை விரிப்பு இல்லை. ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 காலன் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்டு ஏறிவிடும். ஒரு வாரப் பயணத்துக்குச் சாமான் ஏற்றி முடித்தால் அந்த 5,500 சத்தமில்லாமல் 7,000 ஆகி நிற்கும். அந்தப் பக்கம் 9,000 என்பதோ, ட்ரக்கில் ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டும் உட்கார்ந்திருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு.

நீங்கள் பார்க்க வேண்டிய எண் வேறு இடத்தில் இருக்கிறது. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் தெரியும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். பேலோட் என்பது இதுதான். சாதாரண பிக்கப் ட்ரக்கில் 1,500 என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ட்ரெய்லரின் முன்மூக்கு, ட்ரக்கோடு அதை இணைக்கும் ஹிட்ச் மேல் அழுத்தும் பாரம், மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை. 7,000 பவுண்டு ட்ரெய்லருக்கு 13 சதவீதம் போட்டால் 910. அந்தப் பாரம் முழுதும் ட்ரக்கின் முதுகில்தான் இறங்குகிறது. ஆகவே பேலோடில் சேர்த்தி. ஹிட்ச் சட்டங்களே ஏறக்குறைய 90 பவுண்டு இருக்கும். ஆயிரம் போயிற்று, மிச்சம் 500. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் 440. தாத்தா பாட்டி ஏறி உட்கார்ந்தால் இன்னொரு 300. ஒரு பெட்டிகூட இன்னும் ஏற்றவில்லை, 240 பவுண்டு மிகையாகிவிட்டது. விளம்பரக் கணக்குப்படியோ இன்னும் 2,000 பவுண்டு இழுக்க இடமிருக்கிறது!

மிகையானால் என்ன ஆகும்? ட்ரக்கின் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் தூக்கும். முன் சக்கரங்கள் சாலையை இறுகப் பற்றாது. ஸ்டியரிங் திருப்பினால் வண்டி தாமதமாகத் திரும்பும். பிரேக் போட்டால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. பாரத்தைப் பகிரும் ஹிட்ச் போட்டிருக்கிறேனே என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அது பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கு நகர்த்தும், அவ்வளவுதான். ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அது ஒரு பவுண்டுகூட உயர்த்தாது. பெரிய ட்ரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கிறது. செலவு அதிகமில்லை. குடும்பத்தோடு, சாமானோடு, நிரம்பிய தொட்டியோடு ஏறி நின்று சீட்டு வாங்கிப் பாருங்கள்.

இரண்டாவது ஆபத்து, ஆட்டம். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்று சொன்னால் புரியும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். ட்ரெய்லரிலும் அதே கதைதான். சைக்கிள் நான்கைப் பின் பம்பரில் மாட்டி, கனமான சாமானைப் பின்பக்க அறையில் திணித்து, முன்பாரம் நூற்றுக்கு 10க்குக் கீழே போனால் ட்ரெய்லர் பாம்பாக நெளிய ஆரம்பிக்கும். பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்துபோகும் காற்றே அதைத் தொடக்கிவிடப் போதும். வேகம் கூடக் கூட நெளிவு பெரிதாகி, ட்ரக்கையும் சேர்த்துச் சுழற்றிக் கவிழ்க்கும்.

அந்தக் கணத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போகும். போகக் கூடாது! ட்ரக்கின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்னால் வருகிற ஏழாயிரம் பவுண்டு முன்னே தள்ளும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவதும் தப்பு, வேகத்தைக் கூட்டித் தப்பிக்கப் பார்ப்பதும் தப்பு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், டேஷ்போர்டில் உள்ள பிரேக் கன்ட்ரோலரின் லீவரைக் கையால் அழுத்தி ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்குங்கள். பின்னாலிருந்து இழுபட்டு வண்டி நேராகும். அந்த லீவர் எங்கே இருக்கிறதென்று கை தேடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை காலியான பார்க்கிங் லாட் ஒன்றில் இதைத் திரும்பத் திரும்பப் பழகிவிட்டுத்தான் ஹைவே ஏற வேண்டும்.

டயர் விஷயத்தில் ஏமாறாதவர் குறைவு. ட்ரெய்லர் வருடத்தில் பத்து மாதம் வாசலில் நிற்கிறது. அதனால் டயரின் பட்டன் புதுசு போலவே இருக்கும். ரப்பரோ வெயிலிலும் வயதிலும் செத்துக்கொண்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. வெளிப்பக்கம் காணோம் என்றால் உள்பக்கம் இருக்கும். டார்ச்சை எடுத்துக்கொண்டு ட்ரெய்லருக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். படுத்துப் பாருங்கள். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். ஓடும்போது வெடிக்கிற டயர் சும்மா வெடித்து ஓயாது. சக்கர வளைவைக் கிழித்து, அதை ஒட்டி ஓடும் ஒயர்களையும் பிய்த்தெறியும்.

வேகமும் இதோடு சேர்ந்தது. ட்ரெய்லர் டயர்களில் பலவற்றுக்கு மணிக்கு 65 மைல்தான் உச்சம். மேற்கு டெக்சாஸில் 80 என்று போர்டு இருக்கும். அது உங்களுக்கான போர்டு அல்ல. கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்குச் சட்டமே 55தான். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 10, 25, 50 மைலில் நிறுத்தி டார்க் ரெஞ்சால் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

ஹிட்ச் பந்தின் மேல் ட்ரெய்லர் முகப்பின் கப்ளர் சரியாக உட்கார்ந்து பூட்டியதா என்பதைக் கண்ணால் தீர்மானிக்கக் கூடாது. முன் ஜாக்கைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ட்ரக்கின் பின்பக்கமும் கூடவே எழும்பினால்தான் பூட்டியிருக்கிறது. அதன் பக்கத்தில் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று தொங்கும். ட்ரெய்லர் கழன்று ஓடினால் அந்தக் கம்பி ஒரு பின்னை உருவி, ட்ரெய்லரின் சொந்த பேட்டரியிலிருந்து பிரேக்கைப் பிடிக்க வைக்கும். அந்தக் கம்பியைச் சங்கிலியிலோ ஹிட்ச் பந்து இருக்கும் சட்டத்திலோ மாட்டுகிறவர்களைக் கேம்ப்கிரவுண்டுகளில் பார்க்கிறேன். அந்தச் சட்டமே கழன்றுபோனால் பின்னை எது உருவும்? ட்ரக்கின் உடலோடு தனியாக மாட்டுங்கள். ட்ரெய்லர் பேட்டரி செத்துக் கிடந்தால் கம்பி இருந்தும் பிரயோஜனமில்லை.

வழியைப் பற்றி ஒரு வார்த்தை. கார் ஓட்டப் பழகிய போன் மேப்புக்கு உங்கள் பின்னால் பத்து, பதினோரு அடி உயர வீடு வருவது தெரியாது. நியூயார்க் மாநிலத்தின் பெரும்பாலான பார்க்வேக்களில் ட்ரெய்லருக்கு அனுமதியே இல்லை. ஹட்சின்சன் ரிவர் பார்க்வேயிலும் சதர்ன் ஸ்டேட் பார்க்வேயிலும் குறுக்கே இருக்கும் தாழ்வான பாலங்கள் கூரையைச் சீவிவிடும். நியூஜெர்சியிலிருந்து வர்ஜீனியா போகிறவர்களுக்கு இன்னொன்று: பால்டிமோர் சுரங்கப் பாதைகளில் ட்ரெய்லர் முகப்பில் இருக்கும் 20 பவுண்டு கேஸ் சிலிண்டருடன் போகக் கூடாது. முன்பு கீ பாலம் வழியாகச் சுற்றிப் போனார்கள். 2024 மார்ச்சில் அது இடிந்து விழுந்ததால் 695ஆம் எண் ஹைவேயின் மேற்குப் பக்கம்தான் வழி.

கூரை ஒழுகல், 15 வருடக் கடன், சுவர் உப்புதல் என்று இன்னும் எவ்வளவோ தொல்லை உண்டு. பழைய ட்ரெய்லர் வாங்குகிறவர்கள் மூலைகளையும் தரையையும் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருந்தால் திரும்பி வந்துவிட வேண்டும். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம் என்பதால் அவற்றை இங்கே நீட்டவில்லை.

கரண்ட் விஷயத்தை மட்டும் விட முடியாது. வீட்டு வாசலில் ட்ரெய்லருக்கென்று 30 ஆம்ப் பிளக் போடச் சொல்வோம். மூன்று துளை, 30 ஆம்ப் என்றதும் துணி உலர்த்தும் டிரையர் பிளக் என்று நினைத்து 240 வோல்ட் இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. ட்ரெய்லரின் 30 ஆம்ப் பிளக் 120 வோல்ட். 240இல் செருகிய நொடியில் மைக்ரோவேவ், ஏசி, பேட்டரி சார்ஜர் எல்லாம் கருகும்; தீயும் பிடிக்கலாம். ஊரில் 230 வோல்ட்டில் வளர்ந்த நமக்கு 240 என்றால் தப்பாகவே தோன்றாது, அதுதான் பயம். முதல் தடவை செருகும் முன் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

இனி நான் சொல்வதை வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். இரவில், வண்டி நின்றபிறகு வரும் ஆபத்து இது: கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். தீ விபத்துகளைச் சேர்க்காமலே அமெரிக்காவில் ஆண்டுக்கு 400 பேருக்கு மேல் இந்த வாயுவால் தற்செயலாகச் சாகிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்காக அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! அங்கே எமனாக வந்த அதே வாயுதான் இது. ட்ரெய்லர் அந்த அறையைவிடச் சிறியது.

மழை வந்துவிட்டதென்று கரி கிரில்லை உள்ளே எடுத்து வராதீர்கள். அணைந்த மாதிரி தெரியும் கரியும் வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். குளிருக்காகக் கேஸ் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுப் படுக்காதீர்கள். சமைக்கும்போது ஜன்னலையும் மேல் வென்ட்டையும் திறங்கள். ஜெனரேட்டரை 20 அடிக்கு மேல் தள்ளி, புகை உங்கள் பக்கமும் வராமல், அடுத்த குடும்பத்தின் பக்கமும் போகாமல் வையுங்கள். பக்கத்து இடத்துக்காரர் ஜெனரேட்டரை உங்கள் ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தால் கூச்சப்படாமல் போய்ச் சொல்லுங்கள்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று ஆரம்பிக்கும். மலைப்பாதையில் வந்த களைப்பு, வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஒரு மாத்திரை போட்டுப் படுத்துவிடுவோம். ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் இப்படி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். எல்லோரையும் வெளியே இழுத்து வாருங்கள், 911க்குப் போன் செய்யுங்கள், உள்ளே எதையும் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

ட்ரெய்லரில் கார்பன் மோனாக்சைடுக்கென்று அலாரம் இருக்கிறது. கேஸ் கசிவுக்குத் தரையோரத்தில் ஒன்று இருக்கும், ப்ரொப்பேன் காற்றைவிடக் கனம் என்பதால். தாளிக்கும்போது புகை அலாரம் கத்துகிறதென்று பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த அலாரங்களுக்கு ஆயுள் உண்டு, பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து வருடம். அதற்குப் பிறகு பச்சை விளக்கு எரிந்தாலும் உள்ளே இருக்கும் சென்சாரை நம்ப முடியாது. இன்றைக்கே ட்ரெய்லருக்குள் போய் ஒவ்வொரு அலாரத்தின் டெஸ்ட் பட்டனையும் அழுத்துங்கள், அதைக் கழற்றிப் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் தேதியைப் படியுங்கள். தேதி தாண்டியிருந்தால், புதியது மாட்டும் வரை அந்த ட்ரெய்லரில் ஒருவரையும் தூங்க விடாதீர்கள்.