மென்பொருளுக்கு எத்தனை சோதனைகள்?

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக மலையேறினால் போனக்காடு என்னும் பழைய தேயிலைத் தோட்டத்தை அடையலாம். தமிழர் பொதிகை என்று போற்றும் அகத்தியர்கூடத்திற்குக் கேரளத்தின் வழியே செல்வோர் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகின்றனர். 1,868 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்கு, நாள் ஒன்றுக்கு இத்தனை பேர் என்று வரையறுத்தே வனத்துறை அனுமதி வழங்குகிறது. பெரிய மலையேற்றப் பருவத்திற்கான அனுமதியை இணையத்தில் முன்பதிவு செய்கின்றனர். இடங்கள் சில, விரும்புவோர் பலர்.

இத்தகைய முன்பதிவைக் கவனிக்கும் மென்பொருள் செவ்வையாக இயங்கும் என்று நாம் எவ்வாறு நம்புவது? சோதித்துத்தான் நம்ப வேண்டும். ஆயினும், சோதனை என்பது ஒன்றன்று, பலவாகும். ஒவ்வொன்றுக்கும் உரிய காலம் உண்டு. அவற்றை முறையே காண்போம்.

முதலாவது அலகுச் சோதனை. மென்பொருள் பல சிறு உறுப்புகளால் ஆனது. வயதைக் கணக்கிடுவது ஓர் உறுப்பு. எஞ்சிய இடங்களை எண்ணுவது மற்றோர் உறுப்பு. ஒவ்வொன்றையும் எழுதிய உடனே தனித்தனியே சோதிக்க வேண்டும். பதினான்கு வயது நிரம்பியவர்க்கே அனுமதி என்பது விதியானால், முப்பது வயதினரை வைத்துச் சோதிப்பதால் பெரும்பயன் இல்லை. பதினான்காம் பிறந்த நாளுக்கு முந்தின நாள், அந்த நாள், மறுநாள் ஆகிய மூன்றையும் இட்டுப் பார்க்க வேண்டும். பிழைகள் பெரும்பாலும் எல்லைகளில்தான் ஒளிந்திருக்கும். இந்நிலையில் அகப்படும் பிழையைத் திருத்துவது எளிது, செலவும் குறைவு.

இரண்டாவது ஒருங்கிணைப்புச் சோதனை. உறுப்புகள் தனியே நன்றாக இருந்தும், சேரும்போது முரண்படக்கூடும். வங்கியில் பணம் கழிந்துவிட்டது. ஆனால் அனுமதிச் சீட்டு வரவில்லை. இத்தகைய குறை இரண்டு உறுப்புகள் கூடுமிடத்தில் தோன்றுவதாகும். ஆதலின், உறுப்புகளை இணைக்குந்தோறும் இச்சோதனையைச் செய்தல் வேண்டும்.

மூன்றாவது சுமைச் சோதனை. பத்துப் பேருக்குச் செவ்வையாக விடை தரும் கணினி, பல்லாயிரவர் ஒரே நிமிடத்தில் மொய்க்கும்போது திணறிவிடலாம். கடைசி ஓர் இடத்தை இருவர் ஒரே நொடியில் கேட்டால், இருவருக்கும் அதைக் கொடுத்துவிடவும் கூடும். முன்பதிவு தொடங்கும் நாளுக்கு முன்பே, செயற்கையாக அத்தகைய நெரிசலை உண்டாக்கிப் பார்ப்பதே இச்சோதனை.

நான்காவது மீள்சோதனை. விதிகள் மாறும், அவற்றோடு மென்பொருளும் மாற வேண்டும். அகத்தியர்கூடத்திற்கே, உயர்நீதிமன்றத் தீர்ப்பையடுத்து, 2019ஆம் ஆண்டுமுதல் பெண்களும் செல்லத் தொடங்கினர். இவ்வாறு ஒரு விதி மாறும்போது, மாற்றிய வரியை மட்டும் பார்ப்பது போதாது. முன்பு சரியாக இருந்தவை இன்னும் சரியாகவே உள்ளனவா என்று பழைய சோதனைகள் அனைத்தையும் மறுபடி நடத்த வேண்டும். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய இப்பணியைக் கணினியிடமே ஒப்படைப்பது நலம்.

மென்பொருள் மாறாவிட்டாலும் சூழ்நிலை மாறினால் மறுசோதனை தேவை. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. சுமார் நாற்பது நொடிகளில் வெடித்துச் சிதறியது. ஏரியன் 4 ராக்கெட்டில் குறையின்றி உழைத்த மென்பொருட் பகுதியை அதில் அப்படியே வைத்திருந்தனர். புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகத்தைக் குறித்த எண், அதற்கென ஒதுக்கிய சிற்றிடத்தில் அடங்கவில்லை. மாற்றாக வைத்த கருவியிலும் அதே மென்பொருள் இருந்தமையால் அதுவும் செயலிழந்தது. புதிய ராக்கெட்டின் பாதைக்குரிய அளவுகளைக் கொண்டு அப்பகுதியை முன்னரே சோதித்திருந்தால் குறை தரையிலேயே வெளிப்பட்டிருக்கும்.

ஐந்தாவது ஏற்புச் சோதனை. இது பயன்படுத்துவோரின் கையில் நடைபெற வேண்டியது. தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்தே உண்டு. குடும்பப் பெயரை எழுதாவிடில் மேலே செல்ல விடாத படிவம், எழுதியவர் கண்ணுக்குச் செம்மையானதே. நமக்கோ அது அடைத்த கதவு. கேரளத்து ரேஷன் கடைகளில் விரல்ரேகையைப் பார்த்துப் பொருள் வழங்கும் கருவிகள் உள்ளன. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை அத்தகைய கருவிகளுக்கு எளிதில் புலப்படுவதில்லை. அலுவலகத்தாரின் விரல்களை மட்டும் வைத்துச் சோதித்தால் கருவி தேர்ச்சி பெற்றுவிடும்; கொழுந்து பறிக்கும் தொழிலாளியோ வெறுங்கையோடு திரும்ப நேரிடும். ஆகவே, மென்பொருளை மக்களிடம் ஒப்படைக்கும் முன், அவர்களுள் பலதிறத்தாரையும் அழைத்து இச்சோதனையை நடத்துதல் இன்றியமையாதது.

எல்லாச் சோதனைகளையும் எல்லையின்றிச் செய்யக் காலமும் பணமும் இடந்தரா. எதற்கு முதலிடம் தருவது? குறை நேர்ந்தால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மலையேற்ற அனுமதி கிட்டாதவர் அடுத்த ஆண்டு வரலாம். அரிசி கிட்டாதவர் அவ்வாறு காத்திருக்க இயலாது. சோதனையில் பிழை அகப்படவில்லை என்றால், பிழையே இல்லை என்று பொருளன்று. நாம் தேடிய இடத்தில் இல்லை என்பதே பொருள். ஆதலின் இழப்பு எங்கே பெரிதோ, அங்கே முதலிலும் மிகுதியாகவும் தேடுவதே முறையாகும்.