என் மருமகள் குதிரை ஏறுகிறாள்!



எனக்கு வயது 67. சொந்த ஊர் சேலம். கணவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன், பெங்களூருவில் கம்ப்யூட்டர் வேலை. மருமகள் ஆடிட்டர். 2020-ல் பேத்தி பிறந்ததும், சேலம் வீட்டைப் பூட்டிவிட்டு நாங்களும் இங்கே வந்து சேர்ந்தோம்.

இதுவரை எல்லார் வீட்டுக் கதையும்தான். இனிமேல்தான் கொஞ்சம் வித்தியாசம். என் மருமகள் வாரத்தில் நாலு நாள், விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, ஹெல்மெட்டும் பூட்ஸுமாக குதிரை ஏறப் போகிறாள். எட்டு மணிக்குத் திரும்பி வந்து, குளித்து, சேலை கட்டிக்கொண்டு ஒன்பதரைக்கு ஆபீஸ். அக்கம்பக்கத்தில் சொன்னால், "ரேஸுக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். ரேஸ் இல்லை. இதற்குப் பெயர் டிரெஸ்ஸாஜ். முதலில் எனக்கும் வாயில் நுழையவில்லை.

இவளுடைய அப்பா ராணுவத்தில் குதிரைகளையும் கால்நடைகளையும் பராமரிக்கும் பிரிவில் இருந்தவர். அந்தப் பிரிவின் மையம் மீரட்டில் இருக்கிறது. அந்த ஊரில் வளர்ந்ததால், இவள் சைக்கிள் பழகும் முன்பே குதிரை பழகிவிட்டாள். பிறகு சி.ஏ. படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை. நடுவில் பதினான்கு வருஷம் குதிரையைத் தொடவே இல்லை. குழந்தைக்கு ஒன்றரை வயது ஆனபோது, "அத்தை, நான் மறுபடியும் சவாரி போகலாமா?" என்று கேட்டாள். ஏதோ ஒரு மாசம் போய்விட்டு விட்டுவிடுவாள் என்று நினைத்து, "போயிட்டு வாம்மா" என்றேன்.

டிரெஸ்ஸாஜ் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இருபது மீட்டர் அகலம், அறுபது மீட்டர் நீளத்தில் ஒரு மணல் மைதானம். ஓரத்தில் ஆங்கில எழுத்துப் பலகைகள். இன்ன எழுத்தில் வட்டம் போட வேண்டும், இன்ன எழுத்தில் நடையை மாற்ற வேண்டும், இன்ன இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்று ஒரு பாடம் கொடுப்பார்கள். அதை மனப்பாடம் செய்து, குதிரையை அப்படியே நடத்திக் காட்ட வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர்கள் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கடைசியில் சதவீதம் சொல்வார்கள். பரதநாட்டியத்தில் ஜதிக்குத் தகுந்த அடவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாயைத் திறக்கக் கூடாது! குதிரையிடம் பேசினாலோ, நாக்கைச் சொடுக்கினாலோ மார்க் போய்விடும். உட்காரும் விதம், காலின் அழுத்தம், கடிவாளத்தில் விரலின் அசைவு, இவ்வளவுதான் பாஷை. அதுவும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியக் கூடாது. "வாய் பேசாமலே வேலை வாங்கணுமா? உன் மாமனாருக்கு இந்த வித்தை நல்லாத் தெரியும்" என்றேன். வீடே சிரித்தது.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். குதிரை சொந்தமில்லை. பயிற்சிப் பள்ளியின் குதிரையை மாதப் பணம் கட்டி வாரம் நாலு நாள் ஓட்டுகிறாள். அதற்கு 'பாதிக் குத்தகை' என்று பெயராம். நிலத்தைத்தான் குத்தகைக்கு எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன்! பயிற்சிக் கட்டணம், தீவனத்தில் பங்கு, லாடம் அடிப்பது என்று தனித்தனியாக வரும். எல்லாம் அவள் சம்பளத்திலிருந்துதான். இதற்கென்றே ஒரு நோட்டு வைத்து, பைசா பாக்கியில்லாமல் எழுதுவாள். ஆடிட்டர் அல்லவா!

இப்படியே போயிருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். 2023 ஜூலையில் ஒரு நாள் காலை, மழைக்கு மூடியிருந்த பிளாஸ்டிக் தார்ப்பாய் காற்றில் படபடக்க, குதிரை மிரண்டுவிட்டது. இவள் கீழே விழுந்து காரை எலும்பு முறிந்துவிட்டது. தலைக்கு ஹெல்மெட் இருந்ததால் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. மூன்றரை வயதுக் குழந்தை, "அம்மாவுக்கு ஏன் கையைக் கட்டியிருக்கு?" என்று கேட்டு அழுகிறது.

என் மகன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். "போதும். இனிமே குதிரைப் பக்கமே போகக் கூடாது." ஊரிலிருந்து வந்த சம்பந்தியம்மாவும், "கல்யாணம் ஆகிப் புள்ளையும் பெத்த பிறகு இதெல்லாம் எதுக்குடி?" என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "உனக்கு ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா, புள்ளைய யாரு பார்ப்பா?"

மருமகள் ஒன்றுமே சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விழுந்த பயம் மட்டுமில்லை. நான் சொன்ன அந்த வார்த்தை எங்கேயோ கேட்ட வார்த்தையாக இருந்தது.

1982-ல் பரீட்சை எழுதி, சேலத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ஏழு வருஷம் வேலை பார்த்தேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தவள் நான். மகன் பிறந்து லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பிய அன்று, திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மாமியார் கேட்டது இதே கேள்விதான்: "புள்ளைய யாரு பார்ப்பா?" அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. நல்ல திடமாகத்தான் இருந்தார். 'நான் பார்த்துக்கறேன், நீ போயிட்டு வா' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அதை நானே டைப் அடித்தேன். அவர் காலமாகி வெகுநாள் ஆயிற்று. குறை சொல்லி ஆவதென்ன. ஆனால் அதே கேள்வியை என் வாயால் நானே கேட்டுவிட்டேனே என்றுதான் மனசு அறுத்தது.

கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு அவள் ஆறு வாரம் வீட்டில் இருந்தாள். நான் முருங்கைக்கீரை ஆயும்போது பக்கத்தில் வந்து உட்காருவாள். குதிரைப் பேச்சையே எடுக்க மாட்டாள். ஒரு நாள் நானே கேட்டேன், "ஏம்மா, இதை உன்னை மாதிரி வேலைக்குப் போயிட்டே, குடும்பத்தையும் வச்சுக்கிட்டு வேற யாராவது செஞ்சிருக்காங்களா?"

அப்போதுதான் ஜப்பான்காரர் ஹிரோஷி ஹோகெட்சுவைப் பற்றிச் சொன்னாள். 1941-ல் பிறந்தவர். 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரைத் தாண்டல் போட்டியில் கலந்துகொண்டார். அப்புறம் கம்பெனி உத்தியோகம். ஆபீசுக்குப் போகும் முன் காலையில் சவாரி செய்து பழக்கத்தை விடாமல் வைத்திருந்தார். பார்வை முன்போல் இல்லாததால் தாண்டலை விட்டு டிரெஸ்ஸாஜுக்கு மாறினார். 1988-ல் சியோல் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும், குதிரைக்கான நோய்த்தடுப்பு விதிகளால் போக முடியவில்லை. வேலையில் ஓய்வு பெற்ற பின் ஜெர்மனியில் ஆகன் நகரத்தில் போய்த் தங்கிப் பயிற்சி செய்தார். 2008-ல் பெய்ஜிங்கில், முதல் ஒலிம்பிக் முடிந்து 44 வருஷம் கழித்து, மீண்டும் களமிறங்கினார். 2012-ல் லண்டனில் தன் 71-வது வயதிலும் ஓட்டினார். அந்த ஒலிம்பிக்கிலேயே வயதில் மூத்த போட்டியாளர் அவர்தான்!

"அவர் பெண்டாட்டி?" என்று கேட்டேன். "அவங்க ஜப்பான்லயே இருந்தாங்க அத்தை."

"பார்த்தியா! அவர் அங்கே குதிரை ஓட்ட, அந்தம்மா இங்கே வீட்டை ஓட்டியிருக்கா. பொம்பளைக்கு இப்படி யாராவது செஞ்சிருந்தா சொல்லு" என்றேன்.

அவள் சொன்ன பதில்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டெல். 1944-ல், 23 வயதில், இரண்டாவது குழந்தை வயிற்றில் இருக்கும்போது இளம்பிள்ளை வாதம் தாக்கியது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே கடைசிவரை வலு திரும்பவில்லை. குடும்பத்தார் கைகொடுக்க, படிப்படியாக மறுபடி குதிரை ஏறப் பழகினார். ஏறவும் இறங்கவும் ஒருவர் தூக்கிவிட வேண்டும். 1952-க்கு முன்னால் ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் பெண்கள் கலந்துகொள்ள முடியாது. அந்த வருஷம்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது. அதே வருஷம் ஹெல்சின்கியில், ஜூபிலி என்ற குதிரையில் ஏறி, ஆண்களோடு போட்டி போட்டு வெள்ளிப் பதக்கம் வாங்கினார் ஹார்டெல். தங்கம் வாங்கிய ஸ்வீடன் வீரர் ஹென்றி செயின்ட் சீர் அவரைக் கைத்தாங்கலாகப் பதக்க மேடையில் ஏற்றினாராம். 1956-லும் அவருக்கு வெள்ளி.

இன்றைக்கும் ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் ஆண், பெண் என்று தனிப் பிரிவு கிடையாது. எல்லாருக்கும் ஒரே மைதானம், ஒரே மார்க்.

அந்த வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி, சீனாவில் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் இந்தியா டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் தங்கம் வாங்கியது. 1982-க்குப் பிறகு, 41 வருஷம் கழித்துக் குதிரையேற்றத்தில் கிடைத்த தங்கம். நாலு பேரில் இரண்டு பேர் பெண்கள்: இந்தூர் சுதிப்தி ஹஜேலா, ஜெய்ப்பூர் திவ்யகிருதி சிங். டி.வி.யில் தேசிய கீதம் ஒலித்தபோது மருமகள் எழுந்து நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். என் மகனும் அதைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டான்.

அன்றிரவு நானே பேச்சை எடுத்தேன். "தம்பி, விழுந்தா பயம்தான். எனக்கும் பயம்தான். அதுக்கு வழி பண்ணலாம். ஆனா 'புள்ளைய யாரு பார்ப்பா'ன்னு நான் கேட்டேன் பாரு, அந்தப் பேச்சை நான் வாபஸ் வாங்கிக்கறேன். புள்ளைய நான் பார்த்துக்கறேன்."

நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து சில விஷயங்களை முடிவு செய்தோம். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் சேணத்தில் ஏறுவதில்லை. ஹெல்மெட்டோடு, மார்பு முதுகைக் காக்கும் கவசமும் கட்டாயம். குழந்தையின் ஃபீஸ், இன்ஷூரன்ஸ், வீட்டுக் கடன் போக மிஞ்சும் அவள் பணத்தில் மட்டும்தான் குதிரை. ஆபீசில் கணக்குத் தாக்கல் செய்யும் நெருக்கடி நாட்களில் வாரம் ஒரு நாள்தான் சவாரி. ஞாயிறு வீட்டுக்கு. பேத்தியை எழுப்பிப் பல் தேய்க்க வைப்பது தாத்தா. ஸ்கூல் வேன் ஏற்றுவது மகன். டிபன் டப்பா நான்.

இன்னொரு வேலையும் எனக்கு வந்தது. பாடம் மனப்பாடம் செய்ய, மொட்டை மாடியில் கோலமாவால் நீளக் கட்டம் போட்டு எழுத்துகளை எழுதிக் கொடுப்பேன். அவள் குதிரை மாதிரி நடப்பாள். நான் தாளைப் பார்த்துப் படிப்பேன். டைப்பிஸ்ட் கண் அல்லவா, ஒரு வரி விடமாட்டேன். ஆனால் மைதானத்தில் இரண்டு 'பி' இருக்கிறது. என் உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுதான்! கடைசியில் ஒன்றுக்குப் 'பந்து பி', இன்னொன்றுக்குப் 'பேனா பி' என்று பெயர் வைத்தோம். பேத்தியும் பின்னாலேயே குதித்துக்கொண்டு வருவாள்.

2024 டிசம்பரில் இங்கேயே ஒரு போட்டி. குடும்பத்தோடு போனோம். தயிர் சாதம், மாங்காய் ஊறுகாய் கட்டிக்கொண்டு போனேன். கறுப்புக் கோட்டும் வெள்ளை பேன்ட்டுமாக அவள் உள்ளே வந்து, நட்ட நடுவில் குதிரையை நிறுத்தி, தலை தாழ்த்தி வணக்கம் வைத்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆறு நிமிஷம் இருக்கும். என் வாய் தன்னால் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. 'பேனா பி'யில் வட்டம் கொஞ்சம் பெரிசாகப் போய்விட்டது. எனக்கே தெரிந்தது!

61 சதவீதம், ஐந்தாவது இடம். பதக்கம் இல்லை. இறங்கி வந்து, "அத்தை, அந்த வட்டம்..." என்றாள். "பார்த்தேன். மாடியில சரியாத்தான் நடந்தே" என்றேன். என் மகன் குதிரைக்குக் கேரட் கொடுத்துக்கொண்டிருந்தான். பயத்தில் கையை முழுசாக நீட்டித்தான்! ஆனாலும் கொடுத்தான்.

சகோதரிகளே, எல்லார் வீட்டு மருமகளும் குதிரை ஏற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு வசதி வேண்டும். அவளுக்கு ஒரு நல்ல உத்தியோகம் இருந்தது. பாட்டோ, படிப்போ, பாதியில் விட்ட வேலையோ, உங்கள் வீட்டில் ஒரு பெண் எதையோ மறுபடி தொட ஆசைப்பட்டுக் கேட்கும்போது, "புள்ளைய யாரு பார்ப்பா?" என்ற கேள்வி வாய்வரை வரும். வந்தால், பதிலையும் நாமே சொல்லிவிடலாமே.

நாளைக்கு அவளுக்குச் சவாரி நாள். நாலேகாலுக்கு அலாரம் வைத்திருக்கிறேன். அவளுக்குக் காபி, பேத்திக்கு இட்லி.

- சேலத்து வாசகி, பெங்களூரு