மானியும் ஆளியும்

அட்டன் புகையிரத நிலையத்தின் முன்னும், நுவரெலியாப் பேருந்து நிலையத்தை அடுத்தும் வரிசையாக நிற்கும் முச்சக்கர வண்டிகளைக் கண்டோர் அவற்றின் பாட்டையும் கேட்டிருப்பர். மூடுபனி இறங்கிவிட்ட மாலைப்பொழுதில் வண்டி கண்ணுக்குத் தெரியுமுன்னரே அதன் இசை செவிக்கு எட்டிவிடும். பின்னிருக்கைக்கு அப்பால் அமைந்த பெரும் ஒலிபெருக்கிப் பெட்டி பாட்டின் சொல்லை விழுங்கித் தாளத்தை மட்டும் உமிழ்வது தமிழாசிரியன் ஒருவனுக்கு உவப்பான செய்தியன்று. ஆயினும் ஒரு சவாரிக்காக இரண்டு மணி நேரம் குளிரிற் காத்திருக்கும் இளைஞனைப் பார்த்து, உனக்குப் பாட்டு வேண்டாம் என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? ஈண்டு ஆராயப் புகுவது பாட்டை அன்று. பாட்டுக்கு உணவூட்டும் பற்றரியை.

மலையகத்தில் அவ்வண்டி வெறும் வாடகை வாகனமன்று. பெருந்தெருவை விட்டுத் தேயிலை மலைகளினூடே ஏறி லயத்து வாசலை அடையும் குறுகிய பாதைகள் பலவற்றில் நடுநிசியிலும் வரக்கூடியது அதுவே. 2016 ஆம் ஆண்டு 1990 என்னும் இலக்கத்து அம்புலன்ஸ் சேவை நாட்டில் தொடங்கப்பெற்ற பின்னரும், பிரசவ வேதனையுற்ற பெண்ணையோ நெஞ்சு நோவுற்ற முதியவரையோ வைத்தியசாலைக்குக் கொண்டு விரையும் முதல் வாகனம் பல தோட்டங்களில் அயல்வீட்டுத் தம்பியின் ஓட்டோவாகவே இருக்கிறது. அவ்வேளை திறப்பைத் திருகியதும் ‘டிக்’ என்ற ஒலியோடு எஞ்சின் அடங்கிவிடுமாயின், பகல் முழுவதும் ஒலித்த பாட்டு இரவில் ஓர் உயிரின் வழியை மறித்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

பற்றரியை எண்ணிச் செலவு செய்தல் இம்மக்களுக்குப் புதிய பாடமன்று. லக்சபானவில் நீர்மின் உற்பத்தி 1950 இல் தொடங்கிற்று. மலைகளின் நீர் கொழும்பு மாநகரின் விளக்குகளை ஏற்றியபோது, அம்மலைகளின் லயன்கள் பலவற்றில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. அக்காலத்திற் கார் பற்றரி ஒன்றைக் கொண்டு வானொலியும், பின்னர் தொலைக்காட்சியும் இயக்கியோர், வலுக் குறைந்ததும் அதனைச் சுமந்து நகருக்கு இறங்கி, மின்னேற்றி, மீண்டும் சுமந்துகொண்டு ஏறினர். செய்தி முடிந்ததும் பெட்டியை அணைத்துவிடும் வழக்கம் அச்சுமையிலிருந்து பிறந்தது. இன்று எஞ்சின் ஓடும்போதே பற்றரிக்கு மின்னேறுகிறது. அதனாற் கணக்குப் பார்க்கும் வழக்கம் போயிற்று.

வொல்ற்றா தம் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தது 1800 இல். இன்று வண்டிகளிலுள்ள ஈய அமிலப் பற்றரியைப் பிரான்சு நாட்டுப் பிளாந்தே 1859 இல் ஆக்கினார். அமெரிக்காவில் கல்வின் நிறுவனம் 1930 இல் மோட்டரோலா என்னும் பெயரோடு மோட்டார் வண்டி வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தது. காலப்போக்கில் எஞ்சினை எழுப்புவதும் பாட்டை ஒலிப்பதும் ஒரே பற்றரியின் கடமையாயின.

பன்னிரண்டு வோல்ற்று என்று நாம் சொல்லும் பற்றரியில் ஆறு கலங்கள் உள. நிறைவாக மின்னேற்றி ஓய்ந்திருக்கும்போது அது ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டும். 12.2 என்பது பாதி, 12.0 என்பது ஏறத்தாழக் கால்வாசி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை நிற்றல் வேண்டும், ஓடும்போதும் 12.5 இலேயே நிற்குமாயின் பற்றரிக்கு மின்னேறவில்லை என்பது தெளிவு. முழுமைக்கும் வறுமைக்கும் இடையே அரை வோல்ற்றுச் சொச்சமே வேற்றுமை! ஆதலின் பாட்டு உரத்து ஒலிக்கிறதே, பற்றரி நன்றாகத்தான் இருக்கிறது என்று செவியைக் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. பாட்டுப் பெட்டி 11.5 வோல்ற்றிலும் பாடும். எஞ்சினை எழுப்பும் மோட்டாரோ அதனைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரே மூச்சிற் கேட்கும்.

மலையின் குளிரும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் உயரமானது. தை மாசி மாதங்களில் துகள் உறைபனி புல்லின்மேற் படிவதுண்டு. குளிரிற் கலத்தினுள் இரசாயனத் தாக்கம் மந்தமாகிறது. எஞ்சினின் எண்ணெயோ தடிக்கிறது. கொடுப்பவன் கை சுருங்கும் அதே வேளையிற் கேட்பவன் கை நீளுகிறது. கொழும்பில் எஞ்சினை எழுப்பிவிடக்கூடிய பற்றரி கந்தப்பளையில் விடியற்காலையிற் கைவிரிப்பது இதனாலேயே. திருக்குறளின் 48 ஆம் அதிகாரத்துக்கு வலியறிதல் என்று பெயர். அதிற் பொருளின் வரவையும் செலவையும் பற்றிய குறள்களைப் படிக்கும் மாணவர் பற்றரியையும் நினைத்துக்கொள்ளலாம்.

வலியறியும் கருவி வோல்ற்றுமானி. நம் பாடநூல்கள் வழங்கும் இச்சொற்கள் அழகானவை. மானம் என்பது அளவு. ஆதலின் அளப்பது மானி. மானமுடையவனும் மானியே. ‘சுவிச்’ என்பதற்கு ஆளி என்று பெயர் வைத்தவர் யாராயினும் வாழ்க! மின்னோட்டத்தை ஆள்வது ஆளி. பழந்தமிழிலே யானையையும் வெல்லும் விலங்கொன்றுக்கும் அதுவே பெயர். கராஜிலுள்ள பாஸ் ‘மீட்டர்’ என்றும் ‘சுவிச்’ என்றுமே சொல்வார். அவரோடு வழக்காடத் தேவையில்லை.

அம்பியர்மானியைத் தொடராகவும், வோல்ற்றுமானியைச் சமாந்தரமாகவும் இணைத்தல் வேண்டும் என்பது பள்ளி மாணவரும் அறிந்தது. பலர் அறியாதது மற்றொன்று: மானி தான் கட்டப்பட்ட இடத்தின் அழுத்தத்தையே கூறும். விரியலாக்கியின் வாயிலிற் கட்டினால் விரியலாக்கிக்குக் கிடைப்பதைச் சொல்லும். இடையிலுள்ள வயர், போகவர 0.05 ஓம் தடையுடையது எனக் கொள்வோம். 20 அம்பியர் ஓடும்போது ஒரு வோல்ற்று வயரிலேயே ஒழிந்துவிடும். பற்றரியில் 12.6 இருக்க மானி 11.6 என்று காட்டும். நல்ல பற்றரியைக் கெட்டதெனக் கருதிப் புதியது வாங்கியோர் இதனால் உளர். குற்றம் மெலிந்த வயரில், அல்லது துருவேறிய இணைப்பில்.

அவ்வாறெனின் இரு மானிகள் வேண்டுமோ? வேண்டா. நடுவில் நிறுத்தக்கூடிய இருமுனை இருவழி ஆளி ஒன்று போதும். அதன் பின்புறத்தில் ஆறு கால்கள் இருக்கும். நடுவிலுள்ள இரண்டிலும் மானியின் சிவப்பு, கறுப்பு வயர்கள். ஒரு புறத்து இரண்டிலும் பற்றரியின் நேர், மறை முனைகளிலிருந்தே வரும் வயர்கள். மறுபுறத்து இரண்டிலும் விரியலாக்கியின் முனைகளிலிருந்து வருபவை. மறைமுனைக்கு வண்டியின் இரும்புடலே போதும் என்று விட்டுவிடுவோர் உண்டு. அங்ஙனம் செய்யின் உடலோடு கூடிய இணைப்பின் கேடு மறைந்துவிடும். ஆறு கால்களையும் பயன்படுத்துவது அதற்காகவே. பாட்டு ஒலிக்கும்போது ஆளியை இருபுறமும் தள்ளிப் பார்த்தால், இரு எண்களுக்கும் இடையிலான வேற்றுமையே வழியில் ஒழிந்த அழுத்தம். நடுவில் நிறுத்தினால் மானி அணையும். அதுவும் வேண்டுவதே: 20 மில்லியம்பியர் இழுக்கும் சிறு எண்மானி ஒரு நாளில் ஏறத்தாழ அரை அம்பியர் மணியைத் தின்றுவிடும், வாரக் கணக்கில் நிற்கும் வண்டிக்கு அது சிறிதன்று.

பாட்டை நிறுத்தும் ஆளி வேறு. விரியலாக்கியின் முழு மின்னோட்டத்தையும் மெல்லிய ஆளியொன்றின் வழியே விட்டால் அது சூடேறி உருகும். விரியலாக்கியை எழுப்புவதற்கென்றே தனியாக ஒரு மெல்லிய வயர் உண்டு. ஆளியை அதிற் பொருத்துவதே முறை. தடித்த செந்நிற வயரின் உருகியையோ பற்றரிக்கு மிக அருகில் வைத்தல் வேண்டும். விரியலாக்கியின் அருகில் வைத்துவிட்டு, இடைவழியில் வயர் இரும்பில் உராய்ந்து தோல் உரியுமாயின், அங்கே பாயும் மின்னோட்டம் உருகியைக் காணாமலே தீயை மூட்டிவிடும். றெக்சின் கூரையுடைய வண்டியிற் சிறு பொறியும் பேராபத்து. மானிக்குச் செல்லும் செந்நிற வயர் இரண்டுக்கும் ஒவ்வோர் அம்பியர் உருகி போதும்.

அளவு பார்க்கும் நேரமும் முக்கியம். ஓடி நின்ற உடனே பார்த்தால் எண் மிகுந்தே காட்டும். இரவு ஓய்ந்த வண்டியில், திறப்பைத் திருகுமுன், ஆளியைப் பற்றரிப் புறம் தள்ளிப் பார்த்தல் வேண்டும். தரிப்பிடத்திற் பாட்டோடு காத்திருக்கையில் அவ்வெண் 12.2 ஐ நெருங்குமாயின் பாட்டை நிறுத்திவிடலாம். இறங்கி ஏறும் குறுஞ்சவாரிகள் இரண்டொன்றால் இழந்தது மீளாது. தலவாக்கலைக்கோ நானுஓயாவுக்கோ நெடுஞ்சவாரி ஒன்று கிடைத்தபின் மீண்டும் பாடவிடலாம்.